இரண்டு பெயரில் ஒரு குரல்

மைமூனா இங்கிலாந்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஆனால் அந்த நாட்டுக்காரர் ஒருவர் ‘பஸ்’ என்று சொல்வதைக் கேட்டால் போதும், அவர் வடக்கா தெற்கா என்று சொல்லிவிடுவார். இன்னும் இரண்டு வாக்கியம் பேசவிட்டால் ஊரையே சொல்வார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும்.

மெல்போர்னின் நோபல் பார்க்கில், ரயில் பாதைக்கு மூன்று தெரு தள்ளி அவர் வீடு. கணவர் சிஹாப்தீன் டாண்டினோங்கில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். மகள் ஹனான் நர்சிங் படிக்கிறாள். வீட்டின் பின்னறையில் ஒரு பக்கம் துணி துவைக்கும் இயந்திரம், மறுபக்கம் மைமூனாவின் மேசை. மேசையில் கணினி, தலையில் ஹெட்போன், காலடியில் தையல் இயந்திரத்துக்கு இருப்பதுபோல ஒரு மிதி. மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். லண்டனில் ஒரு தயாரிப்பு நிறுவனம் தொலைக்காட்சிக்காகப் புலனாய்வுப் படங்கள் எடுக்கிறது. அதற்காகப் பதிவாகும் பேட்டிகளை எல்லாம் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கித் தருவதுதான் மைமூனாவின் வேலை. அவர்கள் மாலையில் படப்பிடிப்பு முடித்து ஒலிப்பதிவை அனுப்பிவிட்டுத் தூங்கப் போவார்கள். இவர் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து, அவர்கள் எழும் நேரத்துக்குள் முடித்து அனுப்பிவிடுவார்.

அறைக்குள் நடப்பது எதையும் வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்பந்தம். அதனால் பக்கத்து வீட்டுக் கல்யாணி, அவர் தஞ்சாவூர்க்காரர், நான்கு வருடமாக மைமூனா ஏதோ கால் சென்டரில் வேலை பார்ப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் காது கொழும்பில் உருவானது. புதுக்கடை நீதிமன்றத்தில் மைமூனா பதினொரு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தார். ஒரே நேரத்தில் இரண்டு வக்கீல்கள் கத்துவார்கள், சாட்சி முணுமுணுப்பார், நீதவான் வெற்றிலையோடு பேசுவார். அத்தனையும் தாளில் ஏற வேண்டும். மெல்போர்ன் வந்த பிறகு முதல் ஆறு வருடம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினார். அந்த வேலையைப் பற்றி அவர் குறைப்படுவதில்லை. “கை வேலை செய்யும், காது சும்மா ஈக்கும். அதுதான் கஷ்டம்” என்று மட்டும் சொல்வார். ‘இருக்கும்’ என்பது ‘ஈக்கும்’ ஆவதும் ‘சொல்ல’ என்பது ‘செல்ல’ ஆவதும் அவர்கள் வீட்டுப் பேச்சு. ஹனான்தான் இணையத்தில் விளம்பரம் பார்த்து அவரைத் தேர்வு எழுத வைத்தாள். ஸ்கொட்லாந்து மீனவர் ஒருவர் காற்றில் நின்று பேசிய பத்து நிமிடப் பதிவு. மைமூனா இரண்டே பிழை விட்டார். ஒரு பிழை மீனின் பெயரில்.

இப்போது முதல் வரைவை மென்பொருளே எழுதித் தந்துவிடுகிறது. திருத்துவது மட்டும் இவர் பாடு. வேலை போய்விடுமோ என்ற பயம் முதலில் இருந்தது. பிறகு, ‘சீலிங்’ ஒழுகுகிறது என்று ஒருவர் அழாக்குறையாகச் சொன்னதை ‘செல்லிங்’ என்று எடுத்துக்கொண்டு, அவர் வீட்டை விற்கப் போகிறார் என்று மென்பொருள் எழுதிவைத்ததைப் பார்த்ததும் பயம் தெளிந்துவிட்டது.

போன வருடம் ஜூன் மாதம் வந்த படம் ஈரத்தைப் பற்றியது. வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். அங்கே இருநூறுக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளை ஒரு நிறுவனம் வாடகைக்கு விட்டிருக்கிறது. சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம். குடியிருப்பவர்கள் புகார் செய்தால், ‘நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை, துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள், மூடாமல் சமைக்கிறீர்கள், அதுதான் ஈரம்’ என்று பதில் வருகிறது. அங்கே குடியிருந்த பஸ் ஓட்டுநர் ஒருவர் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவோடு பேசியதைத் தன் தொலைபேசியிலேயே பதிவுசெய்து வைத்திருந்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவு. மறுமுனையில் பேசியவர் தன் பெயர் மார்க் என்று மட்டும் சொன்னார். பின்னணியில் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் மைமூனா அடைப்புக்குறி போட்டு ‘குழந்தை இருமல்’ என்று தட்டினார். பதினேழு நிமிடத்தில் பதினொரு தடவை.

இரண்டு வாரம் கழித்து அதே படத்துக்காக இன்னொரு பேட்டி வந்தது. கட்டட நிபுணர் ஒருவர், எந்தப் பக்கமும் சாராதவர் என்ற குறிப்போடு. பெயர் டங்கன். மிக மரியாதையாக, நிதானமாகப் பேசினார். கட்டடத்தில் சிறு குறைகள் உண்டு, ஆனால் பெரும்பகுதி குடியிருப்பவர்களின் பழக்கத்தால் வருவது என்றார்.

மைமூனா மிதியிலிருந்து காலை எடுத்தார். துணி துவைக்கும் இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு வந்து மறுபடி கேட்டார்.

‘முதலாவதாக’ என்று ஆரம்பித்தார் டங்கன். ஆரம்பித்து நீளமாகப் பேசினார். இரண்டாவது வரவே இல்லை. சற்று நேரத்தில் மறுபடியும் ‘முதலாவதாக’. இந்த முதலாவதை மைமூனா எங்கோ தட்டியிருக்கிறார். அதோடு, ஈரம் என்பதற்கு அவர் பயன்படுத்திய நீண்ட ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன விழுங்கல். ‘ஸ’ வரும் இடமெல்லாம் பல்லிடுக்கில் காற்று போவதுபோல மெல்லிய சீழ்க்கை. பழைய கோப்பைத் திறந்து பஸ் ஓட்டுநரின் பதிவை ஓடவிட்டார். அதே ‘முதலாவதாக’, அதே விழுங்கல், அதே சீழ்க்கை. மார்க்கும் டங்கனும் ஒரே ஆள்.

அன்று மதியம் அவர் எதுவும் சாப்பிடவில்லை. புதுக்கடையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், சுருக்கெழுத்தாளருக்குக் கருத்து கிடையாது என்பது. சொன்னதை எழுது, சொல்லாததை எழுதாதே. இருபது வருடமாக அதை அவர் மீறியதில்லை. இப்போது யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லப்போய், அது தப்பாக இருந்தால்? ஒரு மனிதரின் பெயர் கெடும். தன் வேலையும் போகும்.

மாலையில் சிஹாப்தீன் வந்ததும் மைமூனாவின் முகத்தைப் பார்த்து, “என்ன, தலையிடியா?” என்றார்.

“இல்ல. ஒரு விசயம் காதுல உழுந்திச்சி. செல்லவும் ஏலா, செல்லாம ஈக்கவும் ஏலா.”

“ஆருக்குச் செல்லணும்?”

“எனக்கு வேல தாறவங்களுக்கு.”

“அவங்களுக்குச் செல்லக் கூடாதெண்டு ஒப்பந்தத்துல ஈக்கா?”

மைமூனா யோசித்தார். வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தது.

“ஒரு பொட்டி டைல்ஸ்ல கலர் மாறி ஈந்தா நான் கஸ்டமருக்குச் செல்லாம அனுப்புவேனா?” என்றார் சிஹாப்தீன். “ஒட்டினதுக்குப் பொறகு செல்லி என்ன பிரயோசனம்?”

மைமூனா அன்றே தயாரிப்பாளர் ஃபியோனாவுக்கு நான்கு வரியில் எழுதி அனுப்பினார். மறுநாள் வந்த பதில் மரியாதையாக இருந்தது, ஆனால் சுருக்கமாக. டங்கனை ஒரு தொழில்சார் சங்கத்தின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தோம், ஒரே மாதிரிக் குரல்கள் நிறைய உண்டு, அக்கறைக்கு நன்றி.

இந்த ‘அக்கறைக்கு நன்றி’தான் மைமூனாவைக் கிளப்பிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர் இரண்டு பதிவுகளையும் எடுத்துவைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தார். எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது வினாடி, என்ன சொல், எப்படி உச்சரித்தார் என்று இருபத்தாறு இடங்களைக் குறித்தார். ஒவ்வொரு ஜோடியையும் வெட்டி அடுத்தடுத்து ஒட்டி ஒரு சிறு ஒலிக்கோப்பாக்கினார். வெட்டி ஒட்டத் தெரியாததால் ஹனானை உதவச் சொன்னார், ஒப்பந்தம் இருப்பதால் ஒலி இல்லாமல். ஹனான் ஹெட்போன் இல்லாமல், அலைபோல ஓடும் கோடுகளை மட்டும் பார்த்து வெட்டிக் கொடுத்தாள்.

“உம்மா, ஆர் யூ எ ஸ்பை?” என்றாள்.

“கதைக்காம வெட்டு.”

கோப்பு போன மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. லண்டனில் காலை எட்டு. நான்கு வருடத்தில் ஃபியோனாவின் குரலை மைமூனா நேரடியாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. பதிவுகளில் கேள்வி கேட்கும் அந்தக் குரல், இப்போது இவரிடம் கேட்டது.

“மைமூனா, நீங்கள் அனுப்பியதை அலுவலகத்தில் எல்லோரும் நின்றுகொண்டே கேட்டோம். எங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?”

“நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்” என்றார் மைமூனா. “எனக்கு முகமே இல்லை. காது மட்டும்தான்.”

“உங்களுக்கு எவ்வளவு உறுதி?”

“நீதிமன்றமாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் என் காதை நம்ப வேண்டாம். அவர் முன்பு எங்கே வேலை செய்தார் என்று தேடுங்கள்.”

தேடினார்கள். ஆறு நாள் பிடித்தது. டங்கன் என்பது அவருடைய முதல் பெயர், மார்க் நடுப்பெயர். நான்கு வருடம் அதே வீட்டு நிறுவனத்தில் புகார்ப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். வேலையை விட்டபின் தனியாக ஆலோசனை அலுவலகம் திறந்து, சார்பற்ற நிபுணர் என்று சங்கப் பட்டியலில் ஏறியிருந்தார். குடியிருப்பவர்கள் தொடுத்த ஏழு வழக்குகளில் அவர் அறிக்கையை வைத்தே நிறுவனம் ஜெயித்திருந்தது. படம் அப்படியே வெளியாகியிருந்தால், எட்டாவதாக அதுவும் அவர் பக்கம் பேசியிருக்கும்.

ஃபியோனா அவரை இன்னொரு பேட்டிக்கு அழைத்தார். சில விளக்கங்கள் தேவை என்று சொன்னதும் அவர் சந்தோஷமாக வந்தார். அந்தப் பதிவும் வழக்கம்போல நோபல் பார்க்குக்கே வந்தது. மைமூனா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் பொதுவான பேச்சு. பிறகு ஃபியோனா, அந்த நிறுவனத்தோடு உங்களுக்கு எப்போதாவது தொடர்பு இருந்ததா என்று கேட்டார். ஒருபோதும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் இதைக் கொஞ்சம் கேளுங்கள் என்று பஸ் ஓட்டுநரின் பதிவைப் போட்டார். மார்க்கின் குரல் ஒலித்து அடங்கியது. பிறகு ஒன்றுமே இல்லை. மைமூனா வினாடிகளைப் பார்த்து, ‘மௌனம், ஒன்பது வினாடி’ என்று தட்டினார்.

“முதலாவதாக…” என்று ஆரம்பித்தார் டங்கன். நின்றுவிட்டார்.

“இரண்டாவதாக?” என்று கேட்டார் ஃபியோனா.

மைமூனா தன்னையறியாமல் உரக்கச் சிரித்துவிட்டார். சமையலறையில் இருந்த சிஹாப்தீன் ஓடிவந்து கதவைத் தட்டி, “என்ன, என்ன நடந்த?” என்று கேட்டார். “ஒண்டுமில்ல, போங்க, வேல ஈக்கி” என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது.

படம் ஆகஸ்டில் ஒளிபரப்பானது. இனி அதைப் பற்றிப் பேசலாம் என்று ஃபியோனா இணைப்பை அனுப்பினார். ஒரு சனிக்கிழமை காலை மைமூனாவின் வரவேற்பறையில் கல்யாணியும் அவர் கணவர் பிரசன்னாவும் வந்து உட்கார்ந்தார்கள். கல்யாணி ரவா கேசரி கொண்டுவந்திருந்தார். இவர் வட்டிலப்பம் செய்து வைத்திருந்தார். ஈரம் பிடித்த சுவர்களைத் திரையில் பார்த்துக்கொண்டே எல்லோரும் இனிப்புச் சாப்பிட்டார்கள்.

டங்கன் திரையில் வந்ததும் மைமூனா முன்னால் சாய்ந்தார். “இவரா அவர்? நான் மெலிஞ்ச ஆளெண்டு நெனச்சேன்” என்றார்.

ஒன்பது வினாடி மௌனத்தை வெட்டாமல் அப்படியே வைத்திருந்தார்கள். வரவேற்பறையில் யாரும் கரண்டியை அசைக்கவில்லை. மௌனம் முடிந்து ‘இரண்டாவதாக?’ வந்ததும் பிரசன்னா கைதட்டினார்.

“அக்கா, இதைக் கண்டுபிடிச்சது நீங்களா?” கல்யாணிக்கு நம்ப முடியவில்லை. “நான் போன மாசம்கூட என் நெட் பில் பத்தி உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன். கால் சென்டர்ல இருக்கீங்களே, சொல்லி வைப்பீங்கன்னு.”

“கேட்டீந்தா நான் நல்லாத்தான் கேட்டுக்கொண்டு ஈந்தீப்பேன்” என்றார் மைமூனா.

படத்துக்குப் பிறகு அந்த நகரசபை விசாரணை வைத்தது. சங்கம் டங்கனைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஏழு வழக்குகளில் நான்கு மறுபடி எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன. பஸ் ஓட்டுநரின் குடும்பத்துக்கு வேறு இடத்தில் தெற்குப் பார்த்த வீடு கிடைத்தது. வெயில் நன்றாக வரும் என்று அவர் ஃபியோனாவிடம் சொல்ல, ஃபியோனா அதை மைமூனாவுக்கு எழுதினார். தெற்குப் பார்த்தால் எப்படி வெயில் வரும் என்று மெல்போர்னில் இருந்துகொண்டு மைமூனா சற்று நேரம் குழம்பினார். இங்கே வடக்குப் பார்த்த வீட்டுக்குத்தான் வெயில். பிறகு இங்கிலாந்து பூமியின் மறுபக்கம் என்பது நினைவுக்கு வந்தது.

தயாரிப்பு நிறுவனம் அவருக்குப் புதிய பொறுப்பு ஒன்றைக் கொடுத்திருக்கிறது. எழுத்தாக்குவதோடு, தனக்குத் தோன்றுவதை ஓரத்தில் குறிப்பாக எழுதலாம். பேச்சு எங்கே தடுமாறுகிறது, எந்தப் பதில் ஒப்பித்ததுபோல இருக்கிறது, எந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை என்றெல்லாம். முதல் மாதம் அவர் ஓரத்தில் ஒன்றுமே எழுதவில்லை. புதுக்கடைப் பழக்கம் விடவில்லை. இரண்டாம் மாதம் ஒரு மருத்துவமனை நிர்வாகியின் பேட்டியில், ‘இவர் பொய் சொல்லவில்லை, ஆனால் யாருக்கோ பயப்படுகிறார்’ என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அடுத்த படத்தின் பாதி வந்தது.

இதை எழுதுவதற்காகப் போன வாரம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது மேசையில் அரசியல்வாதிகளின் பேட்டிகள் நாற்பது மணி நேரத்துக்குக் குவிந்துகிடந்தன. எப்படிப் போகிறது என்று கேட்டேன். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

“மத்தவங்கள ஒரு நிமிசத்துல புடிச்சிடுவேன்” என்றார். “இவங்க எல்லாரும் ஒரே மாதிரிக் கதைக்கிறாங்க. ஆர் எந்தக் கட்சியெண்டே வெளங்குதில்ல.”

தேநீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் மிதியை மிதித்தார்.