ஓடாத டிரையரும் அக்காவின் வலது கையும்

துணி காயவைக்கும் டிரையர் ஓடவில்லை என்று யாராவது போன் செய்தால் மீட்டர் அண்ணன் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "கதவை ஒழுங்கா மூடினீங்களா?" அதைக் கேட்கிற தோரணையிலேயே, நீங்கள் மூடியிருக்க மாட்டீர்கள் என்று அவர் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டது தெரியும். அதனால் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் ஆகாது. இருந்தாலும் டிரையர் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வேறு வழி? வேலை சுத்தம்.

சட்டைப் பையில் எந்நேரமும் மின்சாரம் சோதிக்கும் மீட்டர் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அந்தப் பெயர். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் இதே வேலை. ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். அதிலிருந்து கடுகளவு பிசக மாட்டார். முதலில் பிளக். அடுத்து கதவு, அதன் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் 'டக்' என்கிறதா என்று காது கொடுப்பார். அடுத்து முன்னால் இருக்கிற, சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு. அடுத்து துணியில் இருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கிற வலை. இத்தனையும் சரி என்றால்தான் பின்பக்கத் தகட்டைக் கழற்றுவார்.

"நான் பார்ட்ஸ் மாத்துறவன் இல்ல, காரணம் தேடுறவன்" என்று மார்தட்டிக்கொள்வார். அதற்கு ஒரு கதையும் கைவசம் உண்டு. ஒரு வீட்டில் டிரையர் சூடாகவில்லை, தீய்ந்த வாடை வருகிறது, பாதியில் நின்றும் போகிறது. முன்னால் வந்த ஆள் மூன்று கோளாறுக்கு மூன்று சாமானை மாற்றிவிட்டுப் போயிருக்கிறான். மீட்டர் அண்ணன் மெஷினைத் தொடவே இல்லை. வெளியே போய், சுவரில் நீட்டிக்கொண்டிருந்த காற்றுக் குழாய்க்குள் கையை விட்டு ஒரு முழுப் பறவைக் கூட்டை இழுத்துப் போட்டார். "மூணு கோளாறு, ஒரே காரணம்!" இந்தக் கதையை அவர் சொல்லாத வீடு அந்த வட்டாரத்தில் கிடையாது. அவர் மனைவி இதைக் கேட்டுக் கேட்டு, பறவைக் கூடு வரும் இடத்தில் சரியாக எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் சொந்த அக்கா வீட்டில் ஆறு மாதத்தில் மூன்று கோளாறைப் பார்த்தார். மூன்றையும் சரிசெய்தார். காரணத்தைக் கோட்டை விட்டார். அந்த ஆறு மாதத்தில் போனது அக்காவின் வலது கை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

அக்கா அவரைவிட ஏழு வயது மூத்தவர். கணவர் இறந்த பிறகு, இரண்டு முடிதிருத்தும் கடைகளுக்கும் ஒரு சின்ன லாட்ஜுக்கும் துண்டு, விரிப்பு எல்லாம் துவைத்துக் கொடுத்துத்தான் வீட்டை ஓட்டினார். வீட்டின் பின் அறையில் துவைக்கிற மெஷின் ஒன்று, டிரையர் ஒன்று, மடிக்க ஒரு நீள மேஜை. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அக்கா துண்டு மடிப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். உதறினால் ஒன்று, மடித்தால் இரண்டு, தட்டினால் மூன்று, அடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும்.

முதல் போன் வந்தபோது மழைக்காலம்.

"டேய், டிரையர் ஓட மாட்டேங்குதுடா. பொத்தானை அமுக்குறேன், கம்முன்னு கிடக்கு."

"கதவை ஒழுங்கா மூடினியா?"

"மூடினேனே."

"மூடியிருக்க மாட்டே. இரு, வர்றேன்."

போனார். கதவு மூடித்தான் இருந்தது, ஆனால் முழுதாக இல்லை. ஒரு விரல்நுனி அளவு வெளியே நின்றது. முழங்காலால் ஒரு இடி இடித்தார். 'டக்.' பொத்தானை அமுக்கினார். டிரையர் உறுமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

"பாத்தியா, என்னைப் பாத்தாலே பயந்து ஓடுது!"

அக்கா சிரித்தார். "அமுக்கித்தான்டா மூடினேன்" என்றார்.

"நல்லா சாப்பிடுக்கா. ஒரு கதவை அமுக்கக்கூடத் தெம்பு இல்லாம என்ன பொழப்பு?"

இதைக் கேலியாகத்தான் சொன்னார். பாவி மனிதர், உண்மையை வாயாலேயே சொல்லிவிட்டு அது காதில் விழாமல் பையைத் தூக்கிக்கொண்டார். "கொஞ்சம் உக்காந்துட்டுப் போயேன்" என்று அக்கா சொன்னார். இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கிறது என்று இவர் வாசலிலேயே செருப்பை மாட்டிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது போன். இந்த முறை ஓடுகிறதாம், சூடு வரவில்லையாம். ஒரு மணி நேரம் சுற்றியும் துண்டெல்லாம் ஈரம் சொட்டச் சொட்ட அப்படியே கிடக்கிறதாம், லாட்ஜ்காரர் கத்துகிறாராம். மீட்டர் அண்ணன் வந்து திருகைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். குளிர்க்காற்று என்று போட்டிருக்கும் இடத்திலேயே முள் நின்றது. சூட்டுக்குப் போக இன்னும் பாதி வட்டம் திருப்ப வேண்டும்.

"கடைசி வரைக்கும் திருப்பணும்க்கா. பாதியில விட்டா வெறுங்காத்துதான் வரும். பதினோரு வருஷமா ஓட்டுறே, இதுகூடவா மறந்துபோச்சு?"

அக்கா அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் திருகு இறுகிப் போயிருக்கோ?" என்று மெல்லக் கேட்டார்.

"எங்க இறுகியிருக்கு? வெண்ணெய் மாதிரி திரும்புது." கட்டைவிரலாலேயே சுற்றிக் காட்டினார்.

"எனக்கு இறுக்கமா இருக்கேடா."

"உனக்கு எல்லாமே இறுக்கம்தான். கையில எண்ணெய் தடவிட்டுத் திருப்பு" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். அன்றைக்கும் அக்கா உட்காரச் சொன்னார். அன்றைக்கும் நேரமில்லை.

மூன்றாவது தடவை நிஜமாகவே கோளாறு. டிரையர் செத்துக் கிடந்தது. பிளக் சரி, கதவு சரி, திருகு சரி. அடுத்து பஞ்சு வலையை உருவினார். உருவியதும் அவருக்கு வந்ததே கோபம்! வலையில் பஞ்சு தலையணை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. மாதக் கணக்கில் யாரும் அதைத் தொடவே இல்லை. காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடு ஏறி, காவலுக்கு இருக்கிற ஃபியூஸ் எரிந்து தன் உயிரைக் கொடுத்து மெஷினை நிறுத்தியிருக்கிறது. நல்ல வேளை.

"உனக்கு அறிவு இருக்காக்கா? ஒவ்வொரு தடவையும் வலையை எடுத்துத் துடைக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! வீடு பத்திக்கிட்டிருந்தா? நீ உள்ள கிடந்து வெந்துபோயிருந்தா? ரெண்டு விரலால புடிச்சு இழுக்குற வேலை, அதுக்குமா சோம்பேறித்தனம்?"

அக்கா வலது கையைச் சால்வைக்குள் விட்டபடி சுவரோரம் நின்றார். கண் கலங்கியிருந்தது. "மறந்துட்டேன்டா" என்றார்.

இவர் ஃபியூஸை மாற்றினார், காற்றுக் குழாயையும் சுத்தம் செய்தார். அக்கா டீ கொண்டுவந்து இடது கையால் வைத்தார். இடது கையால் வைத்ததை இவர் பார்த்தார். பார்த்து என்ன பிரயோஜனம்? அரைக் கோப்பையைக் குடித்துவிட்டு, கோபம் தணியாமலேயே போய்விட்டார்.

மகள் விடுமுறைக்கு வந்து இறங்கிய அன்று சாயங்காலமே போன் செய்தாள்.

"மாமா, அம்மாவுக்குக் கை சரியில்ல. துண்டை முழங்கையால அழுத்திப் புடிச்சுக்கிட்டு மடிக்கிறாங்க. சட்டைப் பொத்தான் போட வரலை. சீப்பு கீழ கீழ விழுது. கேட்டா ஒண்ணுமில்லங்கிறாங்க. நீங்க அடிக்கடி வர்றீங்களே மாமா, பாக்கலையா?"

அந்தப் பெண் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவருக்குத்தான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு திருப்புளியைக்கூடப் பிடித்தறியாத பெண், வந்த அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

மறுநாளே மருத்துவரிடம் போனார்கள். அவர் நிதானமான பெண்மணி, அவசரமே இல்லை. தன் இரண்டு விரல்களை நீட்டி, "இதை இறுக்கிப் புடிங்க" என்றார். "என் கையைத் தள்ளுங்க பாப்போம்" என்றார். ஒரு சாவியைக் கொடுத்துத் திருப்பச் சொன்னார். மேஜை மேல் கிடந்த காகிதத்தை இரண்டு விரலால் பிடித்து உருவச் சொன்னார். மீட்டர் அண்ணன் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தள்ள முடியவில்லை. திருப்ப முடியவில்லை. உருவ முடியவில்லை. கதவு, திருகு, வலை. அதே வரிசைதான்.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்று மருத்துவர் கேட்டார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னது தம்பி.

"தள்ள முடியாம போனது மழைக்காலத்துல, ஆறு மாசம் இருக்கும். அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு, திருப்ப முடியலை. விரலால இழுக்க முடியாம போயி மூணு மாசமாவது ஆகியிருக்கும்."

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "பரவாயில்லையே. கூட இருக்கிறவங்க யாரும் இவ்வளவு கரெக்டா சொல்ல மாட்டாங்க. நல்லா கவனிச்சிருக்கீங்க."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். மீட்டர் அண்ணன் அதற்கு மேல் அந்த அறையில் இருக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போவதாக வெளியே போய்விட்டார்.

படம் எடுத்துப் பார்த்ததில், கழுத்தெலும்புக்குள் நரம்பு நசுங்கிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்றார்கள். செய்தால் இதற்கு மேல் மோசமாகாமல் நிறுத்திவிடலாமாம். போன பலம் திரும்புமா என்று கேட்டதற்கு, "கொஞ்சம் திரும்பலாம். முழுசா எதிர்பார்க்காதீங்க. ஆரம்பத்துலயே வந்திருந்தா இந்தப் பேச்சுக்கே இடமில்ல" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "வேற யார் வீட்டுலயாவது மூணு கோளாறு வரிசையா வந்திருந்தா நான் விட்டிருப்பேனா? அக்கா வீடுங்கவும் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு ஓடினேன். திட்டிட்டு வேற வந்தேன்."

"வேணும்னேவா செஞ்சீங்க? டிரையரைப் பாக்கப் போனீங்க, டிரையரைப் பாத்தீங்க" என்றார் மனைவி.

"அதான் சொல்றேன். டிரையரை மட்டும்தான் பாத்தேன்."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வலது கை மட்டும், மருத்துவர் சொன்னது போலவே, பாதிக்குப் பாதிதான் வந்தது. லாட்ஜ்காரர் நாலு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். முடிதிருத்தும் கடைகள் இரண்டும் கையைவிட்டுப் போகவில்லை. சாயங்காலங்களில் தம்பியும் தம்பி மனைவியும் வந்து மடித்துக் கொடுத்தார்கள். தம்பி மடித்த துண்டு ஒன்றுகூட நேராக இராது. அக்கா கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்து, "அது துண்டாடா, கசக்கிப் போட்ட பேப்பராடா?" என்று கேலி செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டர் அண்ணன் பையோடு வந்து டிரையருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். கதவுக்கு வெளியே இடுப்பால் தள்ளி மூடும்படி ஒரு பலகை வைத்தார். திருகின் மேல் ஒரு நீளக் கைப்பிடியை முடுக்கினார். உள்ளங்கையால் தட்டினாலே திரும்பும். பஞ்சு வலைக்கு, முழங்கை வரை நுழைத்து இழுக்கிற மாதிரி ஒரு பெரிய வளையம் மாட்டினார். ஒவ்வொன்றையும் அக்காவை இடது கையால் செய்து பார்க்கச் சொன்னார். செய்தார். எல்லாம் வேலை செய்தன. அரை நாள் வேலைகூட இல்லை.

வளையத்தின் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேவிட்டார்.

"ஏன்க்கா, கை வரலைன்னு அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அக்கா மடியில் கிடந்த துண்டை இடது கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"கதவு அமுங்கலைன்னா டிரையர் ஓடாதுன்னு எனக்குத் தெரியாதாடா? பாதியில நின்னா குளிர்க்காத்துதான்னு தெரியாதா? பதினோரு வருஷமா ஓட்டுறேன். முதல் ரெண்டு தடவையும் டிரையர்ல ஒண்ணுமில்லைன்னு எனக்கு நல்லாவே தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கூப்பிட்டே?"

"சொல்லத்தான்டா. போன்ல சொல்ல வாய் வரலை. பயமா இருந்துச்சு. கை போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், புள்ளை படிப்பு என்ன ஆகும்னு. டிரையர் ஓடலைன்னா நீ வருவே, வந்தா உக்கார வச்சு சொல்லிக்கலாம்னு கூப்பிட்டேன். மூணு தடவையும் அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மீட்டர் அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தார். அக்காவின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு அழுதார். அக்கா அந்தக் கையால் அவர் விரல்களை இறுக்கிப் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை.