கோஸ்டா ரிக்காவில் ஒரு செவ்வாய்க்கிழமை

1. பூட்டு

புதன்கிழமை காலை எட்டு மணி. ஆக்லாந்தில் மவுண்ட் ஆல்பர்ட் ரயில் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் ஒரே கத்தல்.

"ரீட்டா மேடம், கேட்டு பூட்டியிருக்கு! சங்கிலி எல்லாம் போட்டுப் பூட்டியிருக்கு!"

பேசியவர் என் வாடிக்கையாளர் வைத்தியநாதன். அவர் நின்றது கோஸ்டா ரிக்காவில், மனுவல் அந்தோனியோ தேசியப் பூங்காவின் வாசலில். அங்கே அப்போது செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணி. கூட அவர் மனைவி கோமதி. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வான் வந்து அவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போய்விடும். பூங்காவுக்கு என்று இருந்தது அந்த ஒரு மதியம்தான். அப்படித் திட்டம் எழுதிக் கொடுத்தவள் நான்.

ஆக்லாந்தில் இருபத்திரண்டு வருடம் டிராவல் ஏஜென்சியில் குப்பை கொட்டியிருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

2. சொந்தக்காரர் இல்லாத ஊர்

எங்கள் ஆட்களுக்கு ஹாலிடே என்றால் ஊருக்குப் போவது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி. போகும்போது பெட்டி நிறைய சாக்லேட், வரும்போது பெட்டி நிறைய ஊறுகாய். ஆக்லாந்தின் பிளாட் புஷ் பகுதியிலிருந்து வந்த இந்தத் தம்பதியும் அதுவரை திருச்சியைத் தவிர வேறெங்கும் டிக்கெட் போட்டதில்லை.

"அந்த ஊர்ல நமக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று கோமதி கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"அப்பாடா!"

கோமதிக்கு விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில் வேலை, ஓடும் பெல்ட்டில் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது. போனில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். ஸ்லாத். மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒரு இலையைத் தின்ன அரை நாள் எடுத்துக்கொள்ளும் பிராணி.

"இதை ஒரு தடவை நேர்ல பார்க்கணும் ரீட்டா. பதினாறு வருஷமா பெல்ட் முன்னாடி நிக்கிறேன். 'சீக்கிரம், சீக்கிரம்'னுதான் காதுல விழுது. இதை யாரும் அவசரப்படுத்துறதே இல்லையாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பேசி முடியும்வரை அந்தப் படத்தை மூடவில்லை.

"கட்டாயம் பார்ப்பீங்கள் அக்கா," என்று வாக்குக் கொடுத்தேன். நான் அதுவரை போன அதிக தூரம் பிஜி. ஆனாலும் கோஸ்டா ரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி அளந்துவிட்டேன். மொந்தெவெர்தேயில் மேகக்காடு, ஆறு மணி. தொங்குபாலம், எட்டரை. அரெனால் எரிமலை, பதினொன்று. வெந்நீர் ஊற்று, இரண்டு. அரை மணி நேரம்கூட வீணாகாத திட்டம். எனக்கே அதில் தனிப் பெருமை.

3. செவ்வாயும் புதனும்

வைத்தியநாதன் சாஃப்ட்வேர் டெஸ்டர். பிழை பிடிப்பதுதான் பிழைப்பு. திட்டத்தை மூன்று முறை படித்துவிட்டு விரலை வைத்தார்.

"செவ்வாய்க்கிழமையா கிளம்புறோம்? செவ்வாய் வெறுவாய் மேடம். புதனுக்கு மாத்துங்க. பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது."

நான் மன்னாரில் கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்த வேதக்காரி. எனக்கு எல்லாக் கிழமையும் கர்த்தருடையது. வாய் சும்மா இருக்குமா?

"அண்ணா, நீங்கள் இங்க புதன்கிழமை பிளேன் ஏறேக்க, அங்க இன்னும் செவ்வாய்க்கிழமைதான்."

"அது அவங்க செவ்வாய். நமக்கு ஆக்லாந்து பஞ்சாங்கம்தான் மேடம்."

எக்ஸெலில் தேதிகளை ஒரு நாள் தள்ளினேன். விமானத்தையும் ஹோட்டல்களையும் மாற்றினேன். ஐந்தே நிமிடம்.

எங்கள் முதலாளி செல்வி, மலேசியாவின் ஈப்போக்காரர், எட்டிப் பார்த்தார். "ரீட்டா, தேதி மாத்தினா ஒவ்வொண்ணா திரும்ப செக் பண்ணணும்லா."

"ஓம் ஓம், பார்த்திட்டன்," என்றேன். பார்க்கவில்லை.

திங்கட்கிழமை இருந்த பூங்கா செவ்வாய்க்கு நகர்ந்திருந்தது. நுழைவுச் சீட்டை முன்பே வாங்கப் போயிருந்தால், செவ்வாய்க்குச் சீட்டே கிடையாது என்று அந்த இணையதளமே சொல்லியிருக்கும். அவர்களே அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

4. இளநீர்க் கடை

ரயில் மேடையில் நின்றபடியே போனில் தேடிப் பார்த்தேன். முதல் வரியிலேயே இருந்தது, செவ்வாய் விடுமுறை என்று. என் ரயில் வந்தது. நான் ஏறாமலே போனது.

"அண்ணா, பிழை என்னுடையது. பார்க் செவ்வாய்க்கிழமை லீவு. நான் பார்க்கேல்லை. உண்மையைச் சொன்னால், நான் அந்த ஊருக்கு வந்ததே இல்லை."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மெல்லிய குரலில், "நாள் மாத்தச் சொன்னது நான்தானே மேடம். டெஸ்டர்னு பேரு, கிளம்புற நாளை மட்டும் பார்த்திருக்கேன். அவகிட்ட என்னத்தைச் சொல்றது?"

"அக்கா எங்க?"

"இங்கதான்... கோமதி? கோமதி!"

அவர் தேடி ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கோமதியின் குரல், போனுக்குப் பக்கத்தில், மிகத் தாழ்வாக.

"ரீட்டா, சத்தம் போட வேண்டாம்னு இவர்கிட்ட சொல்லு. மேல இருக்கு."

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு இளநீர்க் கடையாம். கடைக்காரர் கத்தியால் மரத்தைச் சுட்டிக் காட்டினாராம். கோமதி அண்ணாந்து பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு கையைத் தூக்குச்சு ரீட்டா. நான் பாதி இளநீர் குடிச்சுட்டேன். இன்னும் அந்தக் கையைக் கீழ வைக்கல."

நல்லது, தப்பித்தேன் என்று நினைத்திருக்கலாம். என் வாய் விட்டால்தானே? "சந்தோசம் அக்கா. மூன்றரைக்குப் படகுச் சவாரி இருக்குது, வான் வந்துவிடும், சீக்கிரம்..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது. மங்கரேயில் பதினாறு வருடம் கேட்ட அதே வார்த்தை, அத்தனை கடல் தாண்டி, என் வாயிலிருந்து அவர் காதுக்குப் போயிருந்தது. வெட்கமாக இருந்தது.

"வான் போகட்டும் ரீட்டா," என்றார் கோமதி.

இருட்டும்வரை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்களாம். அதற்குள் ஸ்லாத் பக்கத்துக் கிளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

5. பாடம்

தேதி மாறினால் ஒவ்வொரு வரியையும் முதலிலிருந்து பாருங்கள். போகாத ஊரைப் போகாத ஊர் என்றே சொல்லுங்கள். இந்த இரண்டையும் செல்வியே உங்களுக்குச் சொல்லிவிடுவார்.

மூன்றாவதை வைத்தியநாதன் சொன்னார். மறு வருடம் பனாமாவுக்குத் திட்டம் போட வந்தார். நான் புதன்கிழமைப் புறப்பாடாகவே போட்டு, எல்லா வாசலும் திறந்திருக்கும் நாட்களைச் சரிபார்த்து, தாளை நீட்டினேன். மூன்று முறை படித்தார். பேனாவை எடுத்தார். செவ்வாய்க்கிழமைக்கு எதிரே நான் எழுதியிருந்த எல்லாவற்றையும் அடித்தார்.

"இதை வெறுமனே விட்டுடுங்க மேடம். அன்னிக்கு அவ சும்மா உட்காரட்டும்."