பொலோன்யாவில் ஐஸ் தேடிய காசிநாதன் அண்ணன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கண் பரிசோதனைக்காகப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். போன் அடித்தது. யாரென்று பார்க்க முடியாமலே எடுத்துக் காதில் வைத்தேன்.

"சார், ஐஸ் கம்பெனி மாரிமுத்து பேசுறேன். மொதலாளி போயிட்டாங்க சார். காப்பி குடிச்சிட்டு ஈஸிசேர்ல சாஞ்சாங்க, அம்புட்டுத்தான்."

சிறிது நேரம் கழித்து நர்ஸ் வந்து, "கண்ணைக் கசக்காதீங்க சார், மருந்து வெளிய வந்துரும்" என்றார். பரிசோதனை போதும் என்று எழுந்து வந்துவிட்டேன். கட்டுமாவடி பஸ்ஸில் ஏறியதும் இத்தாலியில் இருக்கும் காசிநாதன் அண்ணனின் ஒரே மகள் செல்விக்கு நான்தான் சொன்னேன். "சித்தப்பா, நான் வர்ற வரைக்கும் அப்பாவ வச்சிருங்க" என்றாள்.

காசிநாதன் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டுமாவடியிலிருந்து கடலுக்குப் போகும் படகுகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஐஸ் கொடுத்தவர் அவர். துக்க வீட்டுக்கு ஐஸ் கேட்டு யார் வந்தாலும் காசு வாங்க மாட்டார். தபால் நிலைய அதிகாரியாக அந்த ஊருக்கு மாற்றலாகிப் போன புதிதில், ஒரு பதிவுத் தபாலுடன் அவருடைய கம்பெனிக்குப் போனேன். ஐஸ் உறையும் உப்புநீர்த் தொட்டியில் விரலை முக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்துவிட்டு, "மாரிமுத்து, உப்புப் பத்தலடா" என்றார். உப்பு அளக்கும் மீட்டர் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "அது எதுக்குண்ணே?" என்று கேட்டேன். "அது கெடக்கட்டும். கவர்மென்ட்டுல வந்து கேட்டாக் காட்டுறதுக்கு" என்றார். அன்று தொடங்கிய நட்பு.

நல்ல மனிதர். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். செல்வி மேற்படிப்புக்காக இத்தாலியில் உள்ள பொலோன்யாவுக்குப் போனவள், உடன் படித்த அந்த ஊர்ப் பையனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனில் சொன்னாள். அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டார். அதோடு மகளுடன் பேச்சு நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்து அண்ணி காலமானபோது செல்வி வந்தாள். பதினாறு நாளும் ஒரே வீட்டில் இருந்தாள். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. "நீங்க மனுஷனா?" என்று நான் கேட்டேன். என்னோடும் ஒரு மாதம் பேசவில்லை.

மேலும் இரண்டு ஆண்டுகள் போயின. செல்விக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி என் வழியாகத்தான் அவருக்குப் போனது. "அப்பிடியா" என்றார். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து, என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "தம்பி, ஒன்கிட்ட பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டார். சிங்கப்பூரில் இருக்கும் என் மகனைப் பார்க்கப் போனபோது எடுத்தது இருந்தது.

அவர் பாஸ்போர்ட் எடுத்து, இருவரும் விசாவுக்கு அலைந்து கிளம்புவதற்குள் குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. முறுக்கு, அதிரசம், கருவாடு, குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு என்று ஒரு பெரிய பெட்டி நிறையக் கட்டியிருந்தார். பொலோன்யாவில் நாங்கள் இறங்கினோம், பெட்டி இறங்கவில்லை. நான்கைந்து நாளில் வந்துவிடும் என்றார்கள்.

"வெறுங்கையோட மக வீட்டுப் படி ஏறுறதா? பெட்டி வரட்டும். நாம வந்ததச் சொல்லாத" என்றார் அண்ணன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. செல்வி சின்ன வயதில் ஐஸுக்கு உயிரை விடுவாள். இந்த ஊரிலேயே நல்ல ஐஸ் எதுவோ அதை வாங்கிக்கொண்டு போவோம் என்றார். அந்த ஊரில் அதை ஜெலாட்டோ என்கிறார்கள். தெருவுக்கு இரண்டு கடை இருக்கிறது.

பொலோன்யாவில் தெருவோரமெல்லாம் தூண் வைத்துக் கூரை போட்ட நடைபாதை. மழையில் நனையாமல் ஊரையே சுற்றி வரலாம். நாங்கள் சுற்றினோம். மூன்று நாளில் பதினோரு கடை. நுழைந்ததும் அண்ணன் உள்ளங்கையை நீட்டுவார். கடைக்காரப் பெண்கள் ருசி பார்க்கக் குட்டிக் கரண்டியை நீட்டுவார்கள். அவர் கையை எடுக்க மாட்டார், அவர்களுக்கோ விளங்காது. நடுவில் நின்று நான் சைகை காட்டுவேன். எந்தக் கடையிலும் வெறும் பாலில் செய்த ஐஸை மட்டும்தான் கேட்பார். "வாசனை போட்டுட்டா உள்ள இருக்கிற தப்புத் தெரியாது தம்பி." மலைபோலக் குவித்து வைத்த கடை என்றால், "அம்புட்டும் காத்து" என்று சொல்லிவிடுவார். ஆனால் ருசி பார்த்துவிட்டு வாங்காமல் வருவது மரியாதை இல்லையாம். ஆகவே ஒவ்வொரு கடையிலும் ஒரு கப் வாங்கி என் கையில் கொடுப்பார். சர்க்கரை நோய்க்காரனான நான் தின்று தீர்த்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், எனக்கு நன்றாகவே இருந்த ஒரு ஐஸை நக்கிவிட்டு, "இன்னும் ஒரு கடை பாப்போம்" என்றார். என் பொறுமை போய்விட்டது. "அண்ணே, நீங்க ஐஸா தேடுறீங்க? சாக்குத் தேடுறீங்க!" என்று நடுத்தெருவில் கத்தினேன்.

அண்ணன் ஒரு தூணடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ ஆத்தா செத்துக் கெடக்குறா. புள்ள ஓடியாந்து என் தோள்ல சாயுது. நான் கையை எடுத்து விட்டுட்டேன் தம்பி. ஒனக்குக்கூடத் தெரியாது. இப்ப அவ கதவத் தொறந்து, அதே மாதிரி என் கையை எடுத்து விட்டா நான் என்ன செய்வேன்?"

அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அண்ணி இறந்தபோதுகூட அவர் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு கையிலயும் ஐஸ் டப்பாவ வச்சுக்கங்க. எப்பிடி எடுத்து விடுறான்னு பாப்போம்" என்றேன். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார்.

பன்னிரண்டாவது கடை சிறியது. ஐஸ் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எஃகு மூடி போட்ட குழிகளுக்குள் இருந்தது. "நல்ல மீனும் இப்பிடித்தான், பெட்டிக்குள்ள இருக்கும்" என்று முணுமுணுத்தார். கடைக்கார அம்மாவுக்கு எங்கள் வயது இருக்கும். நீட்டிய கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு துளி எடுத்து வைத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "பாலு பாலா இருக்கு தம்பி. இதான்."

ஒரு கிலோவைத் தெர்மாகோல் டப்பாவில் அடைத்துக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் தாங்கும் என்றார் அந்த அம்மா. அண்ணன் டப்பாவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அரை மணிதான். நட" என்றார்.

அதன்பிறகு சாக்குக்கு இடமில்லை. ஐஸ் கையில் இருக்கும்போது நிற்பது அவருக்குத் தெரியாத காரியம். அறுபத்தெட்டு வயது மனிதர் முன்னால் ஓட, செல்வியின் விலாசத்தைப் போனில் பார்த்தபடி நான் பின்னால் ஓடினேன். மூன்றாவது மாடி. மூச்சு வாங்க மணியை அடித்தார்.

செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். எங்களை அன்று எதிர்பார்க்காதவள், அப்படியே நின்றுவிட்டாள். அண்ணன் இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினார்.

"உருகிரும்த்தா. மொதல்ல ஃப்ரீசர்ல வையி."

ஏறக்குறைய ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். செல்வி டப்பாவை வாங்கித் தரையில் வைத்தாள். அப்பாவின் தோளில் சாய்ந்தாள். நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நான் திரும்பிப் பார்த்தபோது, அவருடைய கை அவள் தலைமேல் இருந்தது.

பாதி உருகிய ஐஸைத்தான் எல்லோரும் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தோம். பிறந்த குழந்தையின் நாவில் வீட்டுப் பெரியவர் இனிப்புத் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். குழந்தை மீனாவுக்கு நம் பக்கத்தில் யாரும் அதைச் செய்திருக்கவில்லை. அண்ணன் ஒரு துளி ஐஸைத் தொட்டு அவள் நாவில் வைத்தார். குழந்தை முகத்தைச் சுளித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று அவர் விரலைப் பிடித்து இழுத்தது. இரண்டு நாள் கழித்துப் பெட்டி வந்தது. மருமகன் அதிரசத்தை ரசித்துத் தின்றார். கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் பவ்யமாக எடுத்துப் போய் பால்கனியில் வைத்தார்.

ஊர் திரும்பிய பின் மூன்று ஆண்டுகள், கம்பெனியில் கரண்டு போன நாளில்கூட, சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மகளிடம் பேசுவார், பிறகு பேத்தியிடம் பேசுவார். பேத்தி பதில் சொல்லத் தெரியாத வயதிலிருந்தே, எந்தப் படகு வந்தது, என்ன மீன் கிடைத்தது, யாருக்கு யாருடன் சண்டை என்று சகலமும் சொல்லுவார். "அந்தப் பிஞ்சுக்கு இதெல்லாம் எதுக்குண்ணே?" என்று கேலி செய்வேன். "பேசாம இருந்து பாத்தாச்சு தம்பி" என்பார்.

வியாழக்கிழமை மதியம் செல்வி கணவரோடும் குழந்தையோடும் வந்து சேர்ந்தாள். எல்லாச் சடங்கும் முடிந்து, தூக்கும் நேரம். பெண்கள் அழுகையை நிறுத்தி ஒரு கணம் ஒதுங்கினார்கள். அப்போது, தன் அப்பாவின் தோளிலிருந்து இறங்கி ஓடிவந்த நான்கு வயது மீனா, பாடையைப் பிடித்த ஆட்களை மறித்துக்கொண்டு நின்றாள். இந்த ஊருக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"எங்க தாத்தாவ எங்கிட்டுத் தூக்கிட்டுப் போறீங்க? இங்கிட்டு வைங்க. நான் இன்னும் பேசவே இல்ல."

அச்சு அசல் கட்டுமாவடிப் பேச்சு. தூக்க வந்தவர்கள் தரையிலேயே வைத்துவிட்டார்கள். மீனா அவர் காதருகே உட்கார்ந்து, விமானத்தில் என்ன சாப்பிட்டாள் என்பதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும் வரை, ஊரே காத்து நின்றது.

போய் வாருங்கள் அண்ணே.