ஒதுக்குக் காணி

பலகையில் தமிழில் இரண்டு வரிகள் இருந்தன. நான் ஒரு வரியைத்தான் வாசித்துச் சொன்னேன்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆனது. பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிலம், நீர், காடு பற்றிய சுற்றறிக்கைகள் பலவும் என் கைவழியாகத்தான் தமிழுக்கு வந்தன. போன மாதம், லுணுகலைக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். சுற்றாடல் சட்டங்களைப் பற்றி மக்களுக்கு விளங்கும்படி நான் பேச வேண்டுமாம். போனேன். பேச எழுந்த நேரத்தில் வெளியே தண்ணீர் பவுசர் வந்து நின்றது. முன்வரிசைப் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். கூட்டம் அதோடு முடிந்தது. முடியாவிட்டாலும் இந்தக் கதையை அங்கே சொல்லியிருக்க மாட்டேன்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயத்துக்கு ஒரு காலத்தில் பவுசர் தேவைப்படவில்லை. பீலி இருந்தது. மேட்டில் ஓர் ஊற்று. அங்கிருந்து மூங்கிலைப் பிளந்து வரிசையாக வைத்து இறக்கிய தண்ணீர் லயத்தின் கோடியில் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். குளிப்பது, துவைப்பது, சண்டை போடுவது எல்லாம் பீலியடியில்தான். ஊற்றைச் சுற்றி நாவல் மரங்களும் மூங்கில் புதர்களும் அடர்ந்திருந்தன. நடுப்பகலிலும் அங்கே மண் ஈரமாகக் கறுத்துக் கிடக்கும்.

அந்தக் கறுப்பு மண்ணின் மேல் சித்தப்பாவுக்கு ஒரு கண். அப்பாவின் தம்பி அவர். கணக்குப்பிள்ளையை எதிர்த்துப் பேசியதால், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவர் பேரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சித்தி கொழுந்து பறித்துக் கொண்டுவரும் கூலியில் அவர் சாப்பிட்டார். அந்தச் சோறு அவருக்கு இறங்கவில்லை. கையகலம் மண் கிடைத்தால் போஞ்சிக் கொடி போட்டுப் பிழைத்துக்கொள்வேன் என்று எப்போதும் சொல்வார். அந்த மலை முழுவதையும் கொத்திப் பண்படுத்திய குடும்பங்களுக்கு ஒரு மிளகாய்க் கன்று நடச் சொந்த மண் கிடையாது.

ஒருநாள் விறகுக்காக நானும் அவரும் ஊற்றடிக்குப் போனபோது, நாவல் மரத்தில் ஒரு புதுத் தகரப் பலகை அடித்திருந்தது. மேலே சிங்களம், கீழே தமிழ். சித்தப்பாவுக்கு இரண்டும் ஒன்றுதான். வாசிக்கத் தெரியாது.

"என்னா தொரை, என்னா போட்டிருக்கு? வாசிங்க பாப்போம்."

பள்ளிக்கூடம் போவதால் அவருக்கு நான் துரை. வகுப்பில் வாசிப்பது போல இழுத்து வாசித்தேன். "நீரூற்று ஒதுக்குக் காணி."

"ஒதுக்குன்னா?"

எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரியும். அப்பா வரப் பிந்தினால் அம்மா கறியில் ஒரு பங்கை மூடி வைத்து, "இது அப்பாவுக்கு ஒதுக்குனது, தொட்டா கைய ஒடைப்பேன்" என்பார். ஒதுக்கினால் யாருக்காவதுதான் ஒதுக்கியிருப்பார்கள்.

"குடுக்குறதுக்கு எடுத்து வச்சிருக்காங்க சித்தப்பா."

"யாருக்குடா?"

"நமக்குத்தான். இங்கிட்டு வேற யாரு இருக்கா?"

சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அங்கிருந்து பார்க்கும்போது இலை மறைத்திருந்த அடுத்த வரி தெரிந்தது. 'மரம் வெட்டுதலும் நிலம் கொத்துதலும் தடை.'

தடை என்ற சொல் எனக்கு நன்றாகவே விளங்கும். பங்களாப் பாதையில் நடக்கத் தடை. மாட்டை அவிழ்த்துவிடத் தடை. தேயிலைக்குள் விறகு பொறுக்கத் தடை. எல்லாத் தடையும் தோட்டத்துத் துரைக்கு நல்லது, நமக்குக் கெட்டது. இதுவும் அப்படி ஒன்று என்று முடிவு செய்தேன். ஏன் தடை என்று பலகை சொல்லவில்லை. தோளிலிருந்து இறங்கவும் எனக்கு மனமில்லை. அந்த வரியை வாசிக்காமல் விட்டேன்.

அரசாங்கம் காணி ஒதுக்கியிருக்கிறது என்ற செய்தி லயம் முழுக்கப் பரவியது. ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லோரும் கோடரியோடு வந்தார்கள். பெண்கள் வெட்டிய கிளைகளை விறகுக்கு இழுத்துப் போனார்கள். தோட்டத்து எல்லைக்கு வெளியே இருந்த நிலம் என்பதால் காவல்காரரும் கண்டுகொள்ளவில்லை. பலகை இருந்த மரத்தை மட்டும், அது நமக்குக் காணி உறுதிப் பத்திரம் மாதிரி என்று சொல்லி, சித்தப்பா வெட்டாமல் விட்டார். போஞ்சி பந்தல் கொள்ளாமல் காய்த்தது. எல்லா வீட்டுக்கும் சித்தி மடியில் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த வெயில் காலத்தில் பீலி மெலிந்தது. விரல் தடிப்பில் விழுந்த தண்ணீர் நூலானது, பிறகு சொட்டானது. மழை வந்தபோது ஒரேயடியாகச் சேறு இறங்கியது. மழை விட்டதும் அதுவும் நின்றுவிட்டது. மழைநீரை மரங்கள்தான் மண்ணுக்குள் பிடித்து வைத்து வருஷம் முழுக்க எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வேலை முடிந்து வந்த பெண்கள் குடத்தோடு பள்ளத்து ஆற்றுக்கு இறங்கி ஏறினார்கள். அவர்களில் சித்தியும் ஒருவர். வெட்டக் கோடரி கொண்டுவந்தவர்களே இப்போது சித்தப்பாவைத் திட்டினார்கள். என் அம்மாவும் விடவில்லை.

"நட்டீங்களே கொழுந்தனாரே, அந்தப் போஞ்சியப் புழிஞ்சு ஒரு கொடம் தண்ணி குடுங்க. புள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கணும்."

நான் கஞ்சிக்குக் காத்திருந்தேன்.

பிற்காலத்தில் கச்சேரியில் 'ஒதுக்கம்' என்ற சொல் என் மேசைக்கு வரும்போதெல்லாம், அது எதற்காக என்று ஒரு வரி சேர்த்து எழுதிப் பார்த்தேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று மேலதிகாரி வெட்டிவிடுவார். அவர் சொன்னதில் பிழை இல்லை. மூலத்தில் இருந்ததையே விட்டவன் நான். அவரோடு எப்படி வாதாடுவது?

பீலி நின்ற அந்த வருஷமே யாரோ முறையிட்டு, ஒரு நாள் பதுளையிலிருந்து அதிகாரி ஜீப்பில் வந்தார். சிங்களத்தில் கேட்டார், கணக்குப்பிள்ளை தமிழில் சொன்னார். லயமே ஊற்றடியில் கூடியிருந்தது. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன்.

"பலகையப் பாக்கலியான்னு ஐயா கேக்குறாரு."

"பாத்தேனுங்க. எங்களுக்கு ஒதுக்கியிருக்குன்னு போட்டிருக்குங்க."

கணக்குப்பிள்ளை பலகையருகே போய் இரண்டு வரியையும் உரக்க வாசித்தார். "கீழ இருக்குறது கண்ணுக்குத் தெரியலியா? எவன்டா ஒனக்கு வாசிச்சுக் காட்டுனது?"

சித்தப்பா தரையைப் பார்த்தார்.

"யாரும் இல்லீங்க. நாந்தான் வாசிச்சேன்."

"கைநாட்டு வாசிக்குதாம்ய்யா! எங்க, வாசி பாப்போம்."

சித்தப்பா பலகைக்குப் பக்கத்தில் போனார். விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, நான் இழுத்தது போலவே இழுத்துச் சொன்னார். "நீரூற்று ஒதுக்குக் காணி." ஒரு சொல்லும் தப்பவில்லை. ஆனால் அவர் விரல் போனது மேலே இருந்த சிங்கள வரியின் மேல்.

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். எல்லோரையும்விட நான் சத்தமாகச் சிரித்தேன். அது சிங்களம் என்று எனக்குத் தெரியும் என்பதை எல்லோரும் அறிய வேண்டுமே. படிக்காத சித்தப்பா பெருமைக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

மரம் வெட்டிய குற்றத்துக்கு அதிகாரி அவரை அன்றைக்கே ஜீப்பில் கொண்டுபோனார். வழக்கு முடிந்து திரும்பியவர் லயத்தில் தங்கவில்லை. சித்தியைக் கூட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போனார். பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு ஜீப்பில் ஏறும்போது அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டதும் சொன்னார்.

"இனிமே முழுசா வாசிங்க, தொரை."

வழக்கம்போலக் கேலி செய்கிறார் என்று நினைத்து, அதற்கும் சிரித்தேன்.