அம்மா தரையில் படுத்த நாள்

எங்கள் வீட்டில் ராணுவத்தில் இருந்தது அப்பா அல்ல, அம்மா. பள்ளியில் இதை ஒவ்வொரு வருடமும் நான் புதிதாக நிரூபிக்க வேண்டியிருந்தது. அப்பா கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவர். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவார். அம்மா ராணுவ மருத்துவமனையில் நர்சிங் அதிகாரி, கேப்டன். எனக்கு இரண்டு வயதாக இருந்தபோது, வடகிழக்கு மலைப்பாதை ஒன்றில் நோயாளிகளை ஏற்றிவந்த வண்டி உருண்டு அம்மாவின் முதுகெலும்பு நொறுங்கியது. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு ஊனமுற்றோர் பென்ஷனோடும் ஒரு கைத்தடியோடும், இழுத்து இழுத்து வைக்கும் இடது காலோடும் அவள் வீட்டுக்கு வந்தாள்.

கூடவே ஒரு மாத்திரையும் வந்தது. சின்னதாக, வெள்ளையாக இருக்கும். மார்ஃபின் வகையைச் சேர்ந்தது. சாதாரண மருந்துக் கடையில் அதன் பெயரைச் சொன்னால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். முன்னாள் ராணுவத்தினருக்கான பாலிக்ளினிக்கில், அதற்கென்று உள்ள பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு மாதாமாதம் வாங்க வேண்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எட்டு வருடத்தில் அம்மா ஒன்றுகூடக் கூடுதலாகப் போட்டதில்லை. எனக்கு அது பல் தேய்ப்பதைப் போன்ற ஒரு வீட்டு வழக்கம், அவ்வளவுதான். வலி என்ற ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் வலி என்ற சொல்லை அம்மா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பாலிக்ளினிக்கின் பழைய டாக்டர் ஓய்வு பெற்று, இளம் டாக்டர் ஒருவர் வந்தார். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அன்று பள்ளி விடுமுறை என்பதால், ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சாக்லேட் எடுத்துக் கொடுத்தார்.

"எட்டு வருஷமா?" என்று ஃபைலைப் புரட்டிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார். "மேடம், நீங்க இதை வலிக்குச் சாப்பிடறீங்களா, பழக்கத்துக்குச் சாப்பிடறீங்களா?"

"வலிக்குத்தான், டாக்டர்."

நீண்ட நாளாக இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோரையும் மறுபடி பரிசீலிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வங்காள மொழியில், வீட்டில் அம்மா என்னவெல்லாம் செய்வாள் என்று கேட்டார். எனக்குக் குஷியாகிவிட்டது. அந்த ஊரிலேயே வளர்ந்ததால், தமிழைவிட எனக்கு வங்காளம்தான் அப்போது நன்றாக வரும். அம்மாவைப் பற்றி யாரிடமாவது பெருமையடித்துக்கொள்ள ஒரு சந்தர்ப்பம்!

"அம்மா எல்லாமே செய்வாங்க. சரஸ்வதி பூஜைக்கு எங்க பில்டிங் முழுக்க கிச்சுடி ஆக்கிப் போட்டாங்க. மூணு மாடி ஏறி இறங்கினாங்க. லிஃப்டே கிடையாது."

"அடேயப்பா! சரி, மாத்திரை போட லேட்டானா அம்மா எப்படி இருப்பாங்க?"

"ரொம்பக் கோபம் வரும். கை நடுங்கும். எங்க வெச்சேன், எங்க வெச்சேன்னு அலமாரியையே கலைச்சிப் போட்டுருவாங்க."

பரீட்சையில் உதாரணத்தோடு பதில் எழுதுவதுபோல நான் சொல்லிக்கொண்டே போனேன். பூஜைக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் அம்மா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. மறைத்தேன் என்றில்லை. அது காய்ச்சல் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

டாக்டர் நிறைய எழுதினார். இரண்டு வாரத்துக்குப் பாதி மாத்திரை, பிறகு கிடையாது. முதுகில் தடவ ஒரு களிம்பும், படம் போட்ட உடற்பயிற்சித் தாள் ஒன்றும் கொடுத்தார். வெளியே வந்ததும், "நான் சரியாச் சொன்னேனாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என் தலையில் கையை வைத்தாள். "ரொம்பச் சரியாச் சொன்ன, மக்ளே," என்றாள். நாகர்கோவில்காரியான அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "பெங்காலி நல்லாவே பேசுற."

இரண்டு வாரம் போனது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்மாவால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, படுத்தால் புரண்டுகொண்டே இருந்தாள். துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். மார்ச் மாதத்துக் காற்றாடிக்கு அடியில் கழுத்தெல்லாம் வியர்த்து, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, கொட்டாவிமேல் கொட்டாவி விட்டாள். ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்தபடியே இருந்தாள். சாயங்காலங்களில் சாப்பாட்டு மேஜையைக் கைத்தடியோடு சுற்றிச் சுற்றி வருவாள். நான் அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ரயில் பெட்டியாகப் பின்னால் ஓடுவேன். இரண்டு சுற்றுவரை பொறுத்துக்கொள்வாள். மூன்றாவது சுற்றில், "போயிரு, தொடாத!" என்று கத்துவாள். பிறகு அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

அப்பாவும் ஓடினார். சால்ட் லேக்கில் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார். பாலிக்ளினிக்கின் கடிதம் இல்லாமல் தொடமாட்டேன் என்றார் அவர். ஹவுராவில் ஒரு கடையில் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, படகில் அக்கரைக்குப் போனார். வாழ்நாளில் டிக்கெட் இல்லாமல் ஒரு டிராமில்கூட ஏறாத மனிதர், திரும்பி வந்து, அடுக்களையில் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"சீட்டு இல்லாமத் தர்றேங்கிறான், கேப்டன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கான்."

"வேண்டாம்ங்க. நான் வார்டுல இந்த மருந்துக்குச் சாவி வெச்சிருந்தவ. பின்வாசல்ல வாங்க மாட்டேன்." பிறகு அம்மாவே சொன்னாள்: "வலிக்குதுன்னு ஒரு ஜவான் சொன்னா, நான் கேட்ட உடனே நம்பினேன். அவன் பிள்ளையைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்கல."

"உஷ்! அவ ஹால்ல இருக்கா," என்றார் அப்பா.

எந்த ஜவானின் பிள்ளை என்று எனக்குப் புரியவில்லை. வீட்டுப்பாடத்துக்குத் திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டாள். "வா, பையைத் தூக்கிக்கோ." அப்பா அலுவலகத்தில் இருந்தார். பாலிக்ளினிக்கில் எங்கள் முறை வர வெகுநேரமாயிற்று. அம்மா உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தாள். அடுத்த பரிசீலனை அடுத்த மாதம்தான் என்று சொல்லிவிட்டாராம்.

அம்மா கைத்தடியை என்னிடம் கொடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல முட்டி போட்டாள். பிறகு டாக்டர் அறை வாசலில், எல்லோரும் நடக்கிற வழியில், தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

அவள் விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். விழவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எழுந்திரும்மா. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்."

காவலாளி ஓடி வந்தார். அம்மா கண்ணைத் திறக்காமல் ஹிந்தியில் சொன்னாள். குரல் உயரவில்லை. "நான் தகராறு பண்ண வரல. என்னால உட்கார முடியாது. நிற்க முடியாது. இது ஒண்ணுதான் முடியும். பெரிய டாக்டர் வர்ற வரைக்கும் இப்படித்தான் இருப்பேன்."

காத்திருந்த கூட்டத்தில் தலைப்பாகை கட்டிய கிழவர் ஒருவர் எழுந்து வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு கை இல்லை. பின்னாலேயே செயற்கைக் கால் வைத்த இன்னொருவர் வந்தார். அவர் உட்கார்ந்து முடிக்கவே நிறைய நேரம் பிடித்தது. பிறகு இன்னும் இரண்டு பேர். யாரும் கோஷம் போடவில்லை. நான் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கை கழுவும் முறையை விளக்கும் ஒரு சுவரொட்டியை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். முடிந்ததும் மறுபடி படித்தேன். இந்தப் பெண்மணி யாரோ, நான் யாரோ.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தலைமை டாக்டர் வந்தார். நரைத்த மீசைக்காரர். அம்மாவுக்கு அருகில் குந்தி உட்கார்ந்து, ஃபைலை முதல் பக்கத்திலிருந்து, வண்டி உருண்ட பக்கத்திலிருந்து படித்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஐந்து நாளைக்கு மாத்திரையும் ராணுவ மருத்துவமனையின் வலி நிபுணருக்கு ஒரு கடிதமும் அங்கேயே, முழங்கால்மேல் வைத்து எழுதிக் கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு தலையணையை எடுத்து வந்து அம்மாவின் தலைக்கடியில் வைத்தவர் அந்த இளம் டாக்டர்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நிபுணரைப் பார்த்து, கையெழுத்துகள் சேர்ந்து, மாத்திரை ஒழுங்காகக் கிடைக்க இன்னும் பல வாரங்கள் ஆயின. கிடைத்ததும் பழைய அளவு இல்லை. அடுத்த சரஸ்வதி பூஜைக்கு அம்மா கீழே இறங்கவில்லை. பாலிக்ளினிக்குக்கு அதற்குப் பிறகு என்னை அழைத்துப் போனதும் இல்லை.

அன்று வீட்டுக்கு டாக்ஸியில் திரும்பினோம். பின் சீட்டில் அம்மா காலை மடக்கிப் படுத்து, என் மடியில் தலை வைத்திருந்தாள். அவள் நெற்றியில் என் கை இருந்தது. கிதிர்பூரில் கப்பல் போவதற்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. வெகுநேரமாக அடக்கிவைத்ததை அங்கேதான் கேட்டேன்.

"அம்மா, நிஜமாவே அவ்வளவு வலிச்சுதா? இல்ல, மாத்திரைக்காக நடிச்சியா?"

அம்மா மடியிலிருந்தே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு நடிக்கல, மக்ளே. இத்தனை வருஷமாத்தான் நடிச்சேன்."

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குத் தினம் தினம் சொன்னவள். எட்டு வருடமாக என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. மூக்கு விடைக்கக் கோபம் வந்தது. அதை அவளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று, நெற்றியில் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை திரும்ப வைக்கவில்லை.