இரண்டு மணிக்கு முன் ஒரு அரண்மனை வைத்தியர்

காலை 9.40. தோர்ண்டன் ஹீத் நிலையத்தில் விக்டோரியா ரயிலுக்காக நானும் அண்ணையும் நின்றோம். பின்னேரம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் அண்ணையின் காலைப் பார்க்கப்போகிறார்கள். சீனி வருத்தத்தால் வந்த புண். இரண்டு விரல்களை எடுக்கவேண்டும் என்று போன கிழமையே டொக்டர் சொல்லிவிட்டார். அவருடைய வேகமான ஆங்கிலம் அண்ணைக்குப் பிடிபடாது. மொழிபெயர்த்த நானோ, "மருந்து மாத்தினால் காயுமாம்" என்று சொல்லிவைத்தேன். எங்கள் வீடுகளில் வருத்தக்காரரிடம் கெட்ட செய்தியை நேரே சொல்லுவதில்லை. ஆனால் இன்றைக்கு விரல் எடுக்கச் சம்மதமென்று கையெழுத்துக் கேட்பார்களே!

நேரம் கிடக்குது, நூலகத்திலை இருக்கெண்டு நீ சொன்ன அந்தப் பழைய வைத்தியப் புத்தகத்தைக் காட்டு என்று கேட்டவர் அண்ணைதான். மன்னார் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் காயங்களுக்கு மருந்து கட்டியவர். அவருக்கே நான் கதை விட்டிருக்கிறேன், பாருங்கள்.

விக்டோரியாவிலிருந்து பஸ். அண்ணைக்கு இலவசப் பாஸ், எனக்கு ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். இறங்கி நூலகத்துக்கு இருநூறு மீற்றர்தான். அதற்குள் அண்ணை மூன்று தரம் நின்றார். ஒவ்வொரு தரமும் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

11.15. கண்ணாடிப் பெட்டிக்குள் புத்தகம் விரிந்து கிடந்தது. எழுநூறு வருடங்களுக்கு முன் பிரெஞ்சு அரசரிடம் வேலைசெய்த வைத்தியர் எழுதியது. பக்கத்திலிருந்த விளக்க அட்டையை நான் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணை கேட்டார். காயத்தில் சீழ் பிடிப்பது நல்லது என்று மற்றவர்கள் நம்பிய காலத்தில், வைனால் கழுவித் துப்புரவாக மூடு என்றவராம்.

"கெட்டிக்காரன்" என்றார் அண்ணை.

அந்த வைத்தியருக்கே நெஞ்சு வருத்தமாம். புத்தகத்தை முடிக்காமலே செத்துப்போனார்.

"அவ்வளவுதான் அண்ணை."

"இன்னும் அஞ்சு வரி கிடக்கே."

அந்த வரிகளை நான் முதலே பார்த்துவிட்டேன். வேறு வழியில்லாமல் வாசித்தேன். நோயாளியின் மனம் சந்தோஷமாக இருக்கவேண்டும், அதற்காக உன் எதிரி செத்துவிட்டான் என்று பொய்க் கடிதம் காட்டினாலும் பிழையில்லை என்று அந்த வைத்தியர் எழுதியிருந்தார்.

அண்ணை சிரித்தார். "நீயும் இந்த ஆளிட்டைத்தான் படிச்சனியோ?"

"என்னண்ணை?"

"விரல் கறுத்தால் என்ன எண்டு எனக்குத் தெரியாதே? எத்தினை பேருக்குக் கட்டினனான்."

"அப்ப ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"நீ அண்டைக்கு நடுங்கிக்கொண்டு நிண்டனி. நான் நம்பினால் உனக்கு ஆறுதலாயிருக்கும் எண்டு விட்டிட்டன்."

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. காவலாளி எங்களையே பார்த்தார்.

2.10. டொக்டர் காலைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பேசினார்.

"ஒண்டையும் விடாமல் சொல்லு" என்றார் அண்ணை.

"ரெண்டில்லையாம் அண்ணை. மூண்டு எடுக்கவேணுமாம்."

அண்ணை குனிந்து தன் காலைப் பார்த்தார். "பெருவிரல் மிஞ்சுமோ எண்டு கேள்."

கேட்டேன். பதில் வந்தது. "ஓம் அண்ணை, மிஞ்சுமாம்."

அவர் என் முகத்தை ஊன்றிப் பார்த்தார்.

"இது அவர் சொன்னதோ, நீ சொல்லுறியோ?"

"அவர் சொன்னதுதான் அண்ணை" என்றேன். நான் இரண்டாம் தரமும் அதையே சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்தார்.