அனுமதிப்பத்திரம் கேட்டேன்

தீ வெடிபொருளை நெருங்கிவிட்டால் அணைக்கப் போகக்கூடாது. ஆட்களைத் தூர விலக்கிவிட்டு எரியவிட வேண்டும். அதுதான் விதி. எங்கள் உள்ளூராட்சிச் சபையில் தீயணைப்புப் படை என்பது ஒரு தண்ணீர் பவுசர் வண்டியும் நான்கு தொழிலாளரும்தான். அவர்களுக்கு அந்த விதியை வாசித்துக் காட்டியவன் தலைமை எழுதுவினைஞரான நான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், முல்லைத்தீவுக் கரையில் ஓலைக் கொட்டகையான ஒரு மீன்வாடி எரிந்தது. உள்ளே வலை மட்டும்தான் என்றார் சொந்தக்காரர். நால்வரும் வாசல்வரை போய்த் தண்ணீர் அடித்தார்கள். அப்போது சொந்தக்காரரின் மனைவி திரேசம்மா, பவுசரடியில் நின்ற என்னிடம் ஓடிவந்தார்.

"ஐயா, வலைக்குக் கீழ மீனுக்குப் போடுற டைனமைட் பெட்டி கிடக்கு. இவர் பயத்தில மறைக்கிறார்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அனுமதிப்பத்திரம் இருக்கோ?" என்று கேட்டேன்.

"உங்கட பத்திரத்தை அடுப்பில வையுங்கோ! வாசல்ல நிக்கிற பெடியளை வெளிய கூப்பிடுங்கோ!"

திரேசம்மாவே ஓடிப்போய் முன்னால் நின்றவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விட்டிட்டு ஓடுங்கோடா, உள்ள வெடி கிடக்கு!"

ஐவரும் கரையோரப் பனைகளைத் தாண்டியபோது வாடி வெடித்துச் சிதறியது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. விதியை நிறைவேற்றியவர் அதை ஒருநாளும் வாசித்திராதவர்.

'வெடிபொருள் இருக்கலாமென ஊகித்து நானே ஆட்களை விலக்கினேன்' என்று அறிக்கை எழுதினேன். கணவர் மறியல்சாலைக்குப் போகாமலிருக்கவே திரேசம்மாவின் பெயரை விட்டதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. நான் கேட்ட கேள்வி வெளியே தெரியக்கூடாது என்பது மற்றப் பாதி.

என் சமயோசிதத்தைப் பாராட்டி மேலிடத்திலிருந்து பதில் வந்தது, அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கு முதல்நாள், ஆண்டவரை அவருடைய சீடனே காட்டிக்கொடுத்த நாளில்.